வலது கண்ணுக்கு மட்டும் வெளுத்துப்போன சிவப்பு!

2019, ஆடி மாசம். சங்கரன்கோவில் தபசுக் கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு விசைத்தறிச் சேலை வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்துவிட்டு எழுத்தாளன் ஆனவனுக்கு எழுத்து காபி வாங்கித் தரும்; சோற்றுக்குக் கணக்குதான்.) ஆடிட்டர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்த பேரேடு முழுக்க வழக்கம்போல சிவப்பு மையில் கேள்விக்குறிகள். ஏதோ தூசி என்று இடது கண்ணைப் பொத்திக் கசக்கினேன். அத்தனை கேள்விக்குறியும் செங்கல் கலருக்குப் போய்விட்டது! கையை எடுத்தால் சிவப்பு. மறுபடி பொத்தினால் செங்கல்.

எங்கள் ஊர் சாமி சங்கரநாராயணர். ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாள். என் மூஞ்சியிலும் இப்படி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்களோ என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் ரெண்டு நாளாகவே வலது கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால், உள்ளே யாரோ நூல் கட்டிப் பின்னால் இழுக்கிற மாதிரி ஒரு வலி இருந்தது.

வீட்டில் சொன்னேன். "சூடுதாம்ல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்டுனா?" என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். உச்சந்தலையில் விளக்கெண்ணெய், கண்ணுக்கு மேலே நந்தியாவட்டைப் பூ, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் எண்ணெய்க் குளியல். குளித்து வந்தால் இன்னும் மங்கல்! கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசினார். பூசட்டும், நம்பிக்கை. கண்ணுக்குள் போட மட்டும் விடவில்லை.

நாலாம் நாள் நடுவில் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு முதலாளியைப் பார்த்தால் காதும் தோளும் தெரிகிறது, மூஞ்சியைக் காணோம். (ஒரு வகையில் நிம்மதிதான்.) கண்ணாடிக் கடைக்காரர் "பவர் மாறிட்டு" என்றார். மருந்துக் கடை அண்ணாச்சி, "நரம்பு வீக்கமா இருக்கும், இதைப் போடுங்க" என்று குட்டிக் குட்டியாய் வெள்ளை மாத்திரை கொடுத்தார். சீட்டுமில்லை, கேள்வியுமில்லை. மூன்று நாள் போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியில் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன். அந்தக் கண் டாக்டர் முதலில் மெஷின் எதையும் தொடவில்லை. சிவப்பு மூடி போட்ட ஒரு சொட்டு மருந்து பாட்டிலை ஒவ்வொரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். "இடது கண்ணுக்கு இது நூறு ரூபாய் சிவப்புன்னா, வலது கண்ணுக்கு எவ்வளவு?" கணக்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி! "நாப்பது ரூபா தேறும் சார்" என்றேன். அப்புறம் டார்ச். நல்ல கண்ணில் அடித்தால் கண்மணி சுருங்குகிறது. உடனே வலது கண்ணுக்கு மாற்றினால், சுருங்கவேண்டிய கண்மணி விரிகிறது! வெளிச்சம் வந்த சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

வியாதியின் பெயர் ஆப்டிக் நியூரைட்டிஸ், அதாவது பார்வை நரம்பு அழற்சி. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள். தறிக்குக் கரண்ட் கொண்டு போகிற ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு இழைக்கும் மைலின் என்று ஒரு உறை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் அந்த உறையைக் கடித்துவிடுகிறது. கேமரா நன்றாக இருக்கிறது, டி.வி.யும் நன்றாக இருக்கிறது, நடுவில் கேபிள் கோளாறு! மூன்றில் இரண்டு பேருக்கு நரம்பு வீங்குவது கண்ணுக்குப் பின்னால் தள்ளி. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் உள்ளே எல்லாம் சரியாகவே தெரியும். 'நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது' என்று கண் டாக்டர்களுக்குள் ஒரு பழைய ஜோக்கே உண்டாம்.

இது கிழவர்களின் வியாதி இல்லை சார். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பதுக்குள். பெண்களுக்குத்தான் அதிகம், அதற்காக நம்மை விட்டுவைப்பதில்லை.

இப்போது அந்த வெள்ளை மாத்திரை. அது ஸ்டீராய்டு. டாக்டர் கொடுத்ததும் ஸ்டீராய்டுதானே, பிறகென்ன என்கிறீர்களா? அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை சுமார் 450 நோயாளிகளைச் சேர்த்து, மூன்று பிரிவாக்கிப் பரிசோதித்தார்கள். முடிவு 1992-ல் வந்தது. நரம்பு வழியாக மூன்று நாள் அதிக அளவு மருந்து ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மெதுவாகத் திரும்பியது. ஆனால், சாதாரண அளவு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் மறுபடி வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு! நான் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கியது இந்த மூன்றாவது வழியைத்தான். டாக்டர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். திட்டியிருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையில் வேறு இடங்களிலும் உறை போயிருந்தால் அது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயின் ஆரம்பமாக இருக்கலாம். ரத்தம் எடுத்தார்கள். பார்வை நரம்பையும் முதுகுத் தண்டையும் சேர்த்து அடிக்கிற என்.எம்.ஓ. என்று ஒரு முரட்டு நோய் உண்டு. அதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு வழி பிறந்தது 2004-ல்தான். அதில் நாள் கடத்தினால் பார்வை திரும்பாமலே போகலாம். ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் தூங்கவில்லை. ரெண்டும் இல்லை என்று வந்தது. மூன்று நாள் மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். முதலாளிக்கு மூஞ்சி முளைக்க ஐந்து வாரம் ஆனது.

வார்டில் எனக்கு ஒரு கதை சொன்னார்கள். மதுரையில் 1976-ல் பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு (திருநெல்வேலி கிளை 1988-ல் வந்தது) ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். அதுவும் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிற வியாதிதான். விரல்களெல்லாம் கோணிப்போய்விட்டன. அந்த விரல்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்திருக்கிறார். அழற்சி என்ற வார்த்தையைக் கேட்டு அரண்டு கிடந்த எனக்கு, அன்று ராத்திரி அது டானிக்.

சிவப்பு வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தொடும். சிவப்பும் பச்சையும் குழம்பும். தானாக மாத்திரையை நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால் போதும், அவர் மாற்றுவார். லெபர் நோய் என்று ஒன்று தாய் வழியில் வரும், ஆனால் பிடிப்பது பெரும்பாலும் வாலிபப் பையன்களை. வலியே இருக்காது, ஒரு கண், சில வாரத்தில் மறு கண். அந்த வம்சத்தில் பிறந்தவர்களுக்கு சிகரெட் விறகு மாதிரி. கள்ளச்சாராயத்தில் கலக்கிற மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி நேரே பார்வை நரம்பைப் பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த மெத்தனால்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை ஜெயித்துவிட்டார். போன சித்திரை வெயிலில் பஸ்ஸைத் துரத்தி ஏறினேன். வலது கண் சட்டென்று மங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினதும் தெளிந்தது. உறை போன நரம்பு சூட்டில் சரியாக வேலை செய்யாது. 1890-லேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்துவிட்டார். அந்த வெந்நீர்க் குளியல் ரகசியமும் அதுதான். விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, சூடுன்னு!"

பார்வை திரும்பிவிட்டது. கலர் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வலது கண்ணுக்கு இன்றைக்கும் சிவப்பு எண்பது ரூபாய்தான். ஆடிட்டர் ஆபீஸ் பேரேடு வரும்போது, கேள்விக்குறி ரொம்ப அதிகமாக இருந்தால் இடது கண்ணை மூடிக்கொள்கிறேன்.