சாவியை மாற்றினால் பூட்டு திறக்குமா?

இறுதியாண்டு இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகச் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாம்பரத்திலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஊழியர் பஸ் நிறுத்தங்களின் விவரங்களைக் கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸில் ஏற்றுவதுதான் எனக்குத் தந்த வேலை. அதில் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். நீங்கள் செய்யாமல் இருந்தால் சரி.

கசாண்ட்ரா ஃபேஸ்புக்கில் பிறந்தது. அவினாஷ் லக்ஷ்மன், பிரசாந்த் மாலிக் என்ற இருவர் உருவாக்கினார்கள். 2008-ல் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது. இதில் டேட்டா ஒரே கம்ப்யூட்டரில் இருக்காது. பல கம்ப்யூட்டர்களில் பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் 'நோட்' என்பார்கள். எந்த வரி எந்த நோடுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் பார்ட்டிஷன் கீ.

தபாலை நினைத்துப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. தாம்பரம் 600045, சிறுசேரி 603103. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரிந்துவிடும். கசாண்ட்ரா அப்படியில்லை. கீயின் பைட்டுகள் மொத்தத்தையும் 'மர்மர்3' என்ற ஹாஷ் கணக்கில் போட்டு 64 பிட் எண் ஒன்றை எடுக்கும். அதற்கு டோக்கன் என்று பெயர். அந்த டோக்கன் யார் பங்கில் விழுகிறதோ, வரி அந்த நோடுக்குப் போகும். ஒரு பைட் மாறினாலும் டோக்கன் எங்கேயோ போய்விடும். பாதிக் கீயைச் சொல்லித் தேடவும் முடியாது.

2014-ல் வந்த 2.1 பதிப்பில் நாமே டைப் உருவாக்கிக்கொள்ளும் வசதி வந்தது. நானும் ஊர், நிறுத்தம் இரண்டையும் சேர்த்து 'இடம்' என்று ஒரு டைப் செய்து, அதையே கீயாக வைத்தேன். கீயாக வைக்க 'ஃப்ரோசன்' என்று குறிப்பிட வேண்டும். அதாவது உள்ளே எத்தனை ஃபீல்டு இருந்தாலும் எல்லாம் உறைந்து ஒரே ஐஸ்கட்டி!

ஒரு வாரம் நன்றாக ஓடியது. "ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல ஸ்டாப் இருக்கே தம்பி" என்றார் எனக்கு வேலை சொல்லித்தந்த அண்ணன். உடனே டைப்பில் 'பக்கம்' என்று மூன்றாவது ஃபீல்டைச் சேர்த்தேன். வந்தது வினை! நாவலூரைத் தேடினால் ஒரு வரிகூட வரவில்லை. முழு டேபிளையும் படித்தால் நாவலூர் அங்கேயே இருக்கிறது! ரிப்போர்ட் கொடுக்க இரண்டே நாள். எனக்கு வியர்த்துவிட்டது.

அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டேட்டா எங்கயும் போகலப்பா. நீதான் சாவியை மாத்திட்டே."

விஷயம் இதுதான். டைப்பை எழுதும்போது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முதலில் அதன் நீளம் 4 பைட்டிலும், அடுத்து அதன் மதிப்பும் போகும். பழைய வரிகளின் கீயில் இரண்டு ஃபீல்டுதான். இப்போது தேடும்போது 'பக்கம்' காலியாக இருந்தாலும், 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொல்லும் 4 பைட் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. பைட் வேறு, அதனால் டோக்கனும் வேறு. முழு டேபிளைப் படிக்கும்போது கீயைக் கணக்குப் போடுவதில்லை. அதனால் எல்லாம் தெரிகிறது.

2020-ல் வந்த பதிப்புகளிலிருந்து, கீயில் உள்ள டைப்புக்குப் புது ஃபீல்டு சேர்க்கக் கசாண்ட்ராவே தடை போடுகிறது. நான் வேலை செய்த மெஷினில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

ஊர், நிறுத்தம், பக்கம் மூன்றையும் தனித்தனி காலங்களாக வைத்து, மூன்றும் சேர்ந்த கீயோடு புது டேபிள் போட்டேன். பழைய வரிகளை முழுக்கப் படித்து, பக்கத்தையும் நிரப்பி அதில் ஏற்றினேன். இரண்டு ராத்திரி தூக்கம் போனது. ரிப்போர்ட் தப்பித்தது.

காலங்கள் சேர்ந்த கீயிலும் பிறகு எதையும் சேர்க்க முடியாதுதான். ஆனால் சேர்க்கப் போனால் முதலிலேயே 'முடியாது' என்று சொல்லிவிடும். நம் டைப்போ சத்தமில்லாமல் காலை வாரிவிட்டது. ஆகவே நண்பர்களே, டைப்பைக் கீயாக வைக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நாளைக்கு மாறுமா?" மாறும் என்று சந்தேகம் வந்தாலே தனித்தனி காலமாக வையுங்கள். மாறவே மாறாது என்றால் மட்டும் உறைய வையுங்கள்!