இரண்டரை இலட்சத்தை வென்ற ஆயிரம்

வீட்டு வருமான, செலவின அளவீட்டுக்காகத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் முதலில் கணக்கெடுப்பு வட்டாரங்களை எழுமாறாகத் தெரிவுசெய்கிறது. பிறகு வட்டாரத்துக்குப் பத்து வீடுகள். 2019 அளவீட்டுக்கு இலங்கை முழுவதும் ஏறத்தாழ 25,000 வீடுகள் இப்படி எடுக்கப்பட்டன. நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே எடுப்பதால், கண்டி மாவட்டத்தில் மாநகர வீட்டைப் போலவே தெல்தோட்டை லயன் காம்பிராவுக்கும் சீட்டு விழலாம். இத்தனை ஏற்ற இறக்கங்களில் நடப்பதற்குப் பதில், போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினால் என்ன?

இணையப் பெனல் செய்வது அதைத்தான். அவ்வப்போது வரும் கேள்விக்கொத்துக்குப் பதில் தர முன்கூட்டியே சம்மதித்தவர்களின் குழு அது. ஒரு வகையில், விளம்பரம் பார்த்துத் தாமாகவே சேர்கிறார்கள். மற்ற வகையில், பட்டியலிலிருந்து எழுமாறாகத் தெரிவானவர்களையே அழைக்கிறார்கள். நெதர்லாந்தில் 2007இல் தொடங்கிய ‘லிஸ்’ பெனல் இரண்டாம் வகை. மக்கள் பதிவேட்டிலிருந்து வீடுகள் தெரிவாயின. கணினியும் இணையமும் இல்லாத வீட்டுக்கு அவையும் கொடுக்கப்பட்டன.

இந்தச் சிரமத்தின் பெறுமதி 2021இல் அமெரிக்காவில் தெரிந்தது. முதல் டோஸ் கொரோனாத் தடுப்பூசி போட்ட வயதுவந்தோர் எத்தனை வீதம்? பேஸ்புக் வழியே வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேரைக் கேட்ட அளவீடு, மே மாதத்தில் உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிச் சொன்னது. அரச தொகைமதிப்புப் பணியகத்தின் இணைய அளவீடும் 14 புள்ளிகள் தவறியது. அழைப்பு பரவலாகப் போயும் பதில் தந்தவர்கள் மிகச் சிலரே. எழுமாறாகத் திரட்டிய பெனலில் ஏறக்குறைய 1,000 பேரைக் கேட்ட ‘அக்சியோஸ்–இப்சோஸ்’ கணக்கோ உண்மைக்கு நெருங்கி நின்றது.

வயது, பால், கல்விக்கு ஏற்ப நிறை கொடுத்துப் பிழையைத் திருத்தலாமே என்பார்கள். ஓரளவு முடியும். ஆனால் கலகாத் தோட்டமொன்றிலிருந்து பதில் போடுவது கண்டி டவுன் கடைகளில் வேலைசெய்யும் இளைஞர்கள் மட்டும் என்று வையுங்கள். அவர்கள் பதிலை ஐந்தால் பெருக்கினாலும், கொழுந்து பறிக்கும் தாயின் வீட்டுச் செலவு அதில் வராது. ஆள்தொகை கூடக் கூட இந்தப் பிழை குறைவதில்லை. பிழையின் மீது நமக்குள்ள நம்பிக்கைதான் கூடுகிறது.

2024 குடிசனத் தொகைமதிப்பில் உத்தியோகத்தர்கள் காகிதப் படிவத்தை விட்டு டெப் கருவியோடு படியேறினார்கள். கருவியை மாற்றலாம், யாரைக் கேட்பது என்ற தெரிவை மட்டும், விரும்பி வருபவர்களின் கையில் விடக் கூடாது.