வளைக்குத் திரும்பும் வழி

மும்பையின் தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வீடியோ கேம் ஆட விடும் கடை இருந்தது. நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மஞ்சள் கேசட்டைச் சொருகினால் ‘மரியோ பிரதர்ஸ்’ வரும். 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்துக்காக ஷிகெரு மியமோட்டோவும் குன்பெய் யோகோயும் வடிவமைத்த ஆட்டம் அது. குழாயிலிருந்து முதலில் ஆமைகள் இறங்கும். அவை நடக்கும் தளத்தைக் கீழிருந்து முட்டினால் ஒரே முட்டில் மல்லாந்துவிடும். பிறகு வரும் சிவப்பு நண்டு. முதல் முட்டு அதற்குக் கோபத்தைத்தான் ஏற்றும். வேகம் கூடி ஓடத் தொடங்கும். இரண்டாவது முட்டில்தான் சாயும். அந்த இரண்டு முட்டுக்கும் நடுவில்தான் எங்கள் உயிர் போகும்.

அந்த நண்டின் பெயர் ‘சைட்ஸ்டெப்பர்’. பக்கவாட்டில் அடி வைப்பது என்று பொருள். ஆமையின் வம்சம் அடுத்தடுத்த மரியோ ஆட்டங்களில் பேர் வாங்கிவிட்டது. நண்டு ஓரத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரில் எத்தனை பெரிய உண்மை இருக்கிறது என்று எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று.

இப்போது குடியிருப்பது செம்பூரில். ஹார்பர் லைனில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் சிவ்ரி. நவம்பர் தாண்டியதும் அங்குள்ள கடலோரச் சேற்றுவெளிக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள், பூநாரை பார்க்க. நானும் அதற்காகத்தான் போனேன். வற்றம் தொடங்கி, நீர் விலகி, சாம்பல் நிறச் சேறு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் தூரத்து இளஞ்சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, என் காலடிக்கு நேர் கீழே, சேறு கை அசைத்தது. ஒன்றல்ல, நூறு கைகள்.

ஓட்டின் அகலம் இரண்டு சென்டிமீட்டர்கூட இராத சின்னஞ்சிறு நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பெரியது. உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒற்றைக் கொடுக்குக்கே போய்விடுகிறது. மற்றது அரிசி மணி போல. சின்னக் கொடுக்கு சேற்றை அள்ளி வாய்க்கு எடுத்துப் போவது, பெரிய கொடுக்கின்மேல் வில் இழுப்பது போலத் தெரியும். அதனால்தான் உலகம் இதைப் பிடில் நண்டு என்கிறது. மும்பைக் கரைச் சேற்றில் நிறையக் காணப்படும் இனத்துக்கு அறிவியல் பெயர் ஆஸ்ட்ருகா அனுலிப்பஸ். 1837இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்தது.

சாப்பிடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். அள்ளிய சேற்றை வாயிலேயே, செவுள் அறையிலிருந்து வரும் நீரில் அலசுகிறது. கரண்டி முனை கொண்ட மெல்லிய மயிர்கள் மணலைப் பிரிக்கின்றன. பாசியும் நுண்ணுயிரும் உள்ளே போகின்றன; மிச்சம் உருண்டையாகக் கீழே வைக்கப்படுகிறது. நம் வீட்டில் அரிசி களைந்து கல் அரிப்பார்களே, அதே வேலைதான். பெண் நண்டுக்கு இரண்டு கையும் சிறியவை, இரண்டாலும் உண்ணலாம். ஆணுக்கு ஒரு கைதான்.

பெரிய கையை அசைப்பது துணையை அழைக்க. இதன் மிக நெருங்கிய உறவினத்தை ஆப்பிரிக்கக் கரையில் ஆராய்ந்தவர்கள், பெண் நண்டு அருகில் வந்ததும் சுற்றியுள்ள ஆண்கள் ஒரே தாளத்தில் கொடுக்கை உயர்த்துவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாளம் பிசகாத ஒரு குழு, சேற்றில், யாரும் கற்றுக்கொடுக்காமல்!

கண்கள் காம்பின் நுனியில் நிற்கின்றன. சுற்றுமுற்றும் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் தெரியும். தொடுவானக் கோட்டுக்குக் கீழே அசைவதைத் தன் இனம் என்றும், மேலே எழுவதைப் பகை என்றும் அது எடுத்துக்கொள்கிறது. பறவை நிழலோ என் தலையோ, அதற்கு ஒன்றுதான். திரையில் நாங்கள் கீழிருந்து முட்டினோம். சேற்றிலோ ஆபத்து எப்போதும் மேலிருந்து வருகிறது.

இனி அந்தப் பக்கவாட்டு நடை. நண்டின் கால் மூட்டுகள் பக்கமாக மடங்குபவை, அதனால் அப்படி நடக்கிறது என்று பள்ளியில் படித்தோம். அதோடு முடியவில்லை விஷயம். வளையை விட்டு இரை தேடிப் போகும்போது இந்த நண்டு தன் உடலின் ஒரு பக்கத்தை வளை நோக்கியே வைத்துக்கொள்கிறது. எங்கே திரும்பினாலும் அந்தக் கோடு அறுவதில்லை. ஆபத்து என்றால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. அதே பக்கமாக ஓடினால் வீடு. எவ்வளவு தூரம்? அதையும் காலே கணக்கு வைக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் மைக்கேல் வால்ஸும் ஜான் லேனும் நண்டு திரும்பும் பாதையில் வழுக்கும் தாளை விரித்தார்கள். சறுக்கிய அடிகளையும் சேர்த்து எண்ணிய நண்டு, வளைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எண்ணிக்கை சரி. தாள்தான் ஏமாற்றியது.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் பேசவில்லை. நெல்லையிலிருந்து தாராவிக்கு வந்த என் தாத்தா சாகும்வரை ஊர்ப் பக்கம் தலை வைத்தே படுத்தார்.

மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள்: பானையில் போட்ட நண்டுகளுக்கு மூடி வேண்டாம், மேலே ஏறுவதை மற்றவை கீழே இழுத்துவிடும் என்று. நம்மவர்களைத் திட்டுவதற்காக எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஆஸ்திரேலியாவின் டார்வின் கரையில் பட்ரீசியா பேக்வெல்லும் மைக்கேல் ஜென்னியன்ஸும் வேறொன்றைக் கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது சிவ்ரி நண்டின் நெருங்கிய உறவினத்தை. பக்கத்து வளையைப் பிடிக்க அந்நியன் வந்தால், பெரிய நண்டு தன் வளையை விட்டு வெளியே வந்து சிறிய அண்டைவீட்டானுக்காகச் சண்டை போடுகிறது. 2004இல் வெளியான ஆய்வு. இனி அந்தப் பானைக் கதையை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வேறொரு நண்டுக் கதையும் உண்டு. கும்பகோணத்துக்கு அருகே திருந்துதேவன்குடியில் கற்கடேசுவரர் கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் நண்டாங்கோயில் என்பார்கள். பூசை செய்ய வந்த நண்டை இந்திரன் வாளால் வெட்டப் போக, இறைவன் தன் லிங்கத் திருமேனியிலேயே துளை தந்து அதை உள்ளே ஏற்றுக்கொண்டார் என்பது தலவரலாறு. நண்டுக்கு எது வேண்டும் என்று அந்தக் கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு வளை.

சிவ்ரியில் வளைகள் ஆயிரக்கணக்கில். அவை வழியாகத்தான் மூச்சு முட்டும் சேற்றுக்குள் காற்று இறங்குகிறது. கரையின் கண்டல் மரங்களின் வேருக்கும் அந்தக் காற்றில் பங்கு உண்டு.

அன்று ஏற்றம் திரும்புவதை நண்டுகள் எனக்கு முன்பே அறிந்தன. ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் இந்த அலைக்கணக்கு அவற்றின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கடல் இல்லாத ஆய்வறையில் வைத்தாலும் சில நாள் அது ஓடிக்கொண்டிருக்கும். நீர் இன்னும் தொலைவில், அடல் சேது பாலத்தின் தூண்களைத் தாண்டவில்லை. கை அசைப்பது நின்றது. என் காலடியில் இருந்த ஆண் நண்டு, சேற்றை உருண்டையாகத் திரட்டிப் பக்கவாட்டில் நாலு அடி வைத்து வளைக்குள் இறங்கி, உருண்டையைத் தலைக்கு மேல் இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது.