உங்களுக்குத் தெரியுமா? – ‘அரசு உதவி பெறும்’ என்ற அடைமொழி

மதுக்கரையிலிருந்து பேருந்தேறிக் கோவை நகருக்குள் வருவோர் கத்தோலிக்கப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணும் ‘அரசு உதவி பெறும்’ என்ற அடைமொழிக்கு, 1854-இல் சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கையே மூலாதாரம். சர்க்காரின் ஆய்வுக்கு உடன்படும் பள்ளி எச்சமயத்தார் நடத்துவதாயினும் மானியம் பெறலாம் என்று அது விதித்தமையால், 1886-இல் மறைமாவட்டமாக உயர்ந்த கோவையிலும் அந்த ஏற்பாடு வேரூன்றிற்று. இத்தகைய மானியம் கிட்டாத ஆஸ்திரேலியாவிலோ, 1962-இல்கூட, கழிப்பிடம் கட்டுமாறு ஆய்வாளர் பணித்தும் அதற்கான திரவியமின்றித் திகைத்த கோல்பர்ன் நகரத்துக் கத்தோலிக்கர், தம் பள்ளிகளையே மூடிப் பிள்ளைகளை அரசுப் பள்ளி வாசலில் நிறுத்த நேர்ந்தது.

மானியம் வழங்குகையில் சிறுபான்மையோர் நிர்வாகம் என்பதற்காகப் பாரபட்சம் கூடாதென்கிறது நம் அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு. எனினும் 1991-92 முதல் தோன்றிய தனியார் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் மானியமில்லை. ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்கும் பழைய பள்ளிகளையே ஏழைப் பெற்றோர் நாடவேண்டியிருப்பதால், இந்த எல்லைக்கோடு எனக்கு மெய்யாகவே விசனம் தருகிறது.

அரசின் உதவி ஊதியத்தோடு நிற்கவில்லை; தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் ஊரகத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்த நாளில், 2024 ஜூலை 15 அன்று, கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரே பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்து உண்டார்; நகர்ப்புறப் பள்ளிகளுக்கான தொடக்கம் 2025 ஆகஸ்டில் மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் நிகழ்ந்தது.