எலும்பு கூடிடுச்சு... வலி மட்டும் ஏன் போகல?

விபத்து நடந்து ஒரு வருஷம் ஓடியிருக்கும். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயிலும் கோளாறு எதுவும் இல்லை. ஆனால், ரிங் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டதும் தோள்பட்டை இறுகி உயிர் போகும் வலி. 'நடிக்கிறார்' என்பார்கள் சிலர். 'பயந்த கோளாறு' என்று திருநீறு போட அழைத்துப் போவார்கள் சிலர். மதுரைப் பக்கம் இதெல்லாம் வழக்கம்தான். பயத்துக்கும் உடம்புக்கும் முடிச்சு இருக்கிறது என்பதை நம் பாட்டிகள் சரியாகவே பிடித்திருந்தார்கள்!

அந்த முடிச்சை அவிழ்க்கும் சிகிச்சைகளில் ஒன்றுதான் 'இ.எம்.டி.ஆர்.'. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். கண்கள் இங்குமங்கும் வேகமாக அசைந்தபோது, மனதை உறுத்திய நினைவின் வீரியம் குறைவதைக் கவனித்தார். 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்புக்கு இந்தச் சிகிச்சையை 2013-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்? மோசமான அந்தக் காட்சியை மனதில் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது உடம்பில் எங்கே வலிக்கிறது, பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பிறகு, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போக, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் அதைத் தொடர வேண்டும். அரை நிமிடம் போல ஒரு சுற்று. 'இப்போ என்ன தோணுது?' என்று கேட்டுவிட்டு அடுத்த சுற்று. 'செத்துருவேன்' என்று உறைந்துபோன நினைவு, மெல்ல 'அது முடிஞ்சுபோச்சு, நான் பிழைச்சுட்டேன்' என்று மாறும். நினைவு அழியாது, அதன் கொடுக்கு உதிரும்.

காட்சியை நினைப்பதும் விரலைத் தொடர்வதும் ஒரே நேரத்தில் நடப்பதால், மூளையால் இரண்டையும் முழுதாகப் பிடித்து வைக்க முடியாமல் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண் அசைவு அவசியமே இல்லை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

வலி விஷயத்தில் வியப்பூட்டுவது 'மாய உறுப்பு' வலி. துண்டிக்கப்பட்ட, இல்லாத காலில் வலி! தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டியை வைத்து மூளையை ஏமாற்றி இதைக் குறைத்துக் காட்டியவர். இ.எம்.டி.ஆர். வேறு வழியில் போகிறது. கால் போன அந்த நாளின் நினைவையே தொடுகிறது. நெதர்லாந்தில் 2010-ல் வெளியான ஆய்வில் பெரும்பாலோருக்கு வலி குறைந்தது, சிலருக்கு முழுதாகவே போனது. ஆனால், ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 10 பேர். எனவே, 'எல்லா வலியும் பறந்துடும்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். நெஞ்சு வலியோ முதுகு வலியோ, டாக்டர் பரிசோதித்துக் காரணம் இல்லை என்று சொன்ன பிறகுதான் மனதின் பக்கம் வர வேண்டும். வலிப்பு, கண் பிரச்னை, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யூடியூபில் ஓடும் புள்ளியைப் பார்த்து வீட்டில் முயற்சி செய்வது ஆபத்து. கிளறிவிட்ட நினைவை அடக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது? மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகத் தயக்கமா? 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். சிகிச்சையாளரிடம், 'இ.எம்.டி.ஆர். முறையாகப் பயின்றவரா?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.