காகிதத்தில் வந்தால்தான் எழுத்தாளரா?

அமெரிக்காவில் காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. பெயர் ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக ஆர்.டபிள்யூ.ஏ. 1980-இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தொடங்கியது. தொடங்கியவர்களில் விவியன் ஸ்டீபன்ஸ் என்ற கறுப்பினப் பெண் பதிப்பாசிரியர் முக்கியமானவர். நல்ல நாளில் இந்தச் சங்கத்தில் பத்தாயிரம் பேர் வரை இருந்தார்கள். மின்னூலாக மட்டும் எழுதுகிறவரை எழுத்தாளராக ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியில் இந்தச் சங்கம் பத்தாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டியது. அந்தக் கதை தெரிந்தால் ‘அங்கீகாரம்’ என்று நாம் சொல்வது எப்படி உருவாகிறது என்பதும் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் சேரப் புத்தகம் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுத ஆசைப்படுகிறவர், கைப்பிரதியோடு அலைகிறவர், பெட்டி நிறையப் புத்தகம் வந்தவர் எல்லோரும் சேரலாம். ஆகவே வாசலில் இருக்க வேண்டிய வேலி உள்ளே போய்விட்டது. ‘பான்’ என்று அழைக்கப்பட்ட பதிப்பு கண்ட எழுத்தாளர் அணி ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். மாநாட்டில் தனி அமர்வுகள், நட்பு வட்டம், பெயர்ப் பட்டையில் ஓர் ஒட்டு என்று சின்னச் சின்னச் சலுகைகள்தான். ஆனால் அந்தச் சலுகைகளுக்குள்தான் மானம் இருந்தது. இன்னொரு பக்கம் ‘ரீட்டா’ விருது. சங்கத்தின் முதல் தலைவர் ரீட்டா கிளே எஸ்ட்ராடாவின் பெயரில் வழங்கப்பட்டது. அப்போது காதல் நாவல் உலகின் மிகப் பெரிய விருது அதுதான்.

இவர்களுக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்று கேட்கலாம். இலக்கிய இதழ்கள் காதல் நாவலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய விருதுக் குழுக்கள் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. ரமணிசந்திரனை லட்சக்கணக்கில் படித்துவிட்டு, இலக்கியக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லக் கூசுகிற ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியே மரியாதை கிடைக்காதபோது சங்கத்துக்குள் கிடைக்கும் மரியாதைக்கு விலை கூடும். அங்கேயும் ஒரு கீழ்ச்சாதி உண்டாகி, அது நாம்தான் என்று தெரிந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மின்பதிப்பகங்கள் கிண்டில் கருவிக்கு முந்தியவை. 1990-களின் பாதியிலேயே கணினியில் படிக்கிற நாவல்களை விற்கும் சின்னச் சின்ன அமெரிக்கக் கடைகள் முளைத்துவிட்டன. 1998-இல் மின்னூல் எழுத்தாளர்கள் ‘எபிக்’ என்று தங்களுக்குத் தனிச் சங்கமே வைத்து, பிறகு விருதும் கொடுக்கத் தொடங்கினார்கள். பெரிய சங்கம் கண்டுகொள்ளாவிட்டால் வேறு என்ன வழி?

2000-இல் ஒஹாயோ மாநிலத்தில் ‘எல்லோராஸ் கேவ்’ என்ற மின்பதிப்பகம் வந்தது. பெயர் நம் எல்லோராக் குகைதான். டீனா எங்ளர் என்பவர் ஜெய்ட் பிளாக் என்ற புனைபெயரில் எழுதிய நாவல்கள் பதிப்பகங்களுக்குத் தாங்க முடியாத அளவு வெளிப்படையாக இருந்தன; யாரும் போடவில்லை. அவரே பி.டி.எஃப். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பி விற்க ஆரம்பித்தார். கடையில் அட்டையைக் காட்டிக்கொண்டு வாங்கக் கூச்சப்பட்ட வாசகிகள் வீட்டுக் கணினியில் வாங்கினார்கள். நியூயார்க் பதிப்பகங்கள் ‘ஓடாது’ என்று ஒதுக்கிய கதைகள், ஓரினக் காதல், ரத்தக்காட்டேரிக் காதல், வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள் எல்லாமே ஓடின. 2006 வாக்கில் நியூயார்க் பதிப்பகங்களே இதே சரக்குக்குத் தனி வரிசைகள் தொடங்கின என்றால் எவ்வளவு ஓடியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே சண்டை காகிதத்துக்கும் திரைக்கும் இடையில் மட்டும் நடக்கவில்லை. 2005-இல் இதே சங்கம், காதல் நாவல் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று வரையறுக்கலாமா என்று உறுப்பினர்களைக் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பேச்சு அடங்கியது. ‘மின்னூல்காரர்கள்’ என்று சிலர் உதட்டைச் சுழித்தபோது, அந்தச் சுழிப்பில் பாதி அவர்கள் எழுதிய விஷயத்துக்கானது என்றே நான் நினைக்கிறேன்.

இனி பணம். விஷயம் இங்கேதான் இறுகுகிறது.

அச்சுப் பதிப்பகம் எழுத்தாளருக்கு முன்பணம் தரும். புத்தகம் விற்று, ராயல்டி அந்த முன்பணத்தைத் தாண்டிய பிறகுதான் மேற்கொண்டு காசு வரும். மலிவுப் பதிப்பு நாவலுக்கு ராயல்டி விலையில் 6 முதல் 8 விழுக்காடு. மின்பதிப்பகம் முன்பணம் தராது, அல்லது பெயருக்குத் தரும். ஆனால் ராயல்டி 35, 40 விழுக்காடு என்று போகும். பல இடங்களில் மாதாமாதம் கைக்கு வரும். கணக்குக்காக ஒன்றைப் பார்ப்போம். 7 டாலர் அச்சு நாவலில் 6 விழுக்காடு என்றால் பிரதிக்கு 42 சென்ட். 5 டாலர் மின்னூலில் 35 விழுக்காடு என்றால் 1 டாலர் 75 சென்ட். ஆயிரம் டாலர் சம்பாதிக்க அச்சுக்காரர் ஏறக்குறைய 2,400 பிரதி விற்க வேண்டும். மின்னூல்காரருக்கு 600-க்குள் போதும். வீட்டு வாடகை கட்டப் போகும்போது எந்த வழியில் வந்த ஆயிரம் டாலர் என்று யாரும் கேட்பதில்லை.

சங்கம் கேட்டது. 2007-இல் புது விதிமுறைகள் வந்தன. மாநாட்டில் பதிப்பாளராக வந்து உட்கார வேண்டுமானால் நூலுக்குக் குறைந்தது ஆயிரம் டாலர் முன்பணம் தருகிற பதிப்பகமாக இருக்க வேண்டும். முன்பணமே தராமல் ராயல்டியை அள்ளிக் கொடுக்கிற பதிப்பகம் வெளியே. இன்னொரு விதி இதைவிட வினோதம். எழுத்தாளரிடமே காசு வாங்கிப் புத்தகம் போடும் பதிப்பகங்களைச் சங்கம் ஏற்பதில்லை, அது நியாயம்தான். ஆனால் அந்த வகைக்கான வரையறைக்குள், முக்கியமாகத் தன் சொந்த இணையதளத்தில் நூல் விற்கும் பதிப்பகத்தையும் சேர்த்துவிட்டார்கள். அன்றைய மின்பதிப்பகங்கள் வேறு எங்கே விற்பார்கள்? அந்த ஆண்டு நவம்பரில்தான் கிண்டிலே வெளிவந்தது. எழுத்தாளரிடம் ஒரு காசு வாங்காமல், மாதாமாதம் ராயல்டி கொடுத்துக்கொண்டிருந்த பதிப்பகமும் ஏமாற்றுக்காரப் பதிப்பகமும் ஒரே தட்டில் நின்றன.

ரீட்டா விருதுக்கும் இதே கதைதான். நூல் அச்சு வடிவில், மொத்தமாக அச்சடிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மின்னூல்காரர் ஒருவர் தேவைக்கேற்ப நாலு பிரதி அச்சடித்துக் கொண்டுவந்தாலும் ‘மொத்தமாக’ என்ற சொல் குறுக்கே நிற்கும்.

சங்கத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 2007-இல் அரிசோனாவைச் சேர்ந்த டிரிஸ்கெலியன் என்ற மின்பதிப்பகம் திவாலானது. எழுத்தாளர்களின் ஒப்பந்தங்கள் நிறுவனத்தின் சொத்துக் கணக்கில் சேர்ந்துகொண்டன. தன் நாவலின் உரிமை தனக்கே திரும்பி வராமல் பலர் தவித்தார்கள். ஒரு கணினி, ஓர் இணையதளம், கொஞ்சம் தைரியம் இருந்தால் யாரும் பதிப்பாளர் ஆகிவிடலாம் என்ற காலம் அது. முன்பணம் கேட்பது அந்தப் பதிப்பகத்திடம் பணம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. சங்கத் தலைமை அப்படித்தான் யோசித்தது; முட்டாள்தனமான யோசனை இல்லை. தவறு எங்கே என்றால், பதிப்பகத்துக்கு வைத்த பரீட்சையின் மதிப்பெண்ணை எழுத்தாளர் தலையில் எழுதியதில்தான். பதிப்பகத்தின் நிதி நிலையைச் சோதிப்பது வேறு, அதில் எழுதுகிறவர் தொழில்முறை எழுத்தாளரா என்று முடிவு செய்வது வேறு.

2009-இல் இந்தச் சண்டை வெடித்தது. அந்த ஜூலையில் வாஷிங்டனில் மாநாடு. அதற்கு முன்பே, தொழிலாக எழுதுவது என்றால் என்ன என்று சங்கத் தலைமையும் மின்னூல் எழுத்தாளர்களும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் தங்களுக்கு இடமில்லை என்று சிலர் அதே ஊரில், அதே நாட்களில் மின்பதிப்பு பற்றிப் போட்டிக் கூட்டமே நடத்தினார்கள்.

நவம்பரில் ஒரு திருப்பம். காதல் நாவல் உலகின் சக்கரவர்த்தியான ஹார்லெக்வின் நிறுவனம் அந்த ஒரே மாதத்தில் இரண்டு அறிவிப்புகள் செய்தது. ஒன்று, கரீனா பிரஸ் என்ற மின்பதிப்பகம். முன்பணம் இல்லை, ராயல்டி மட்டும். இரண்டாவது, ஹார்லெக்வின் ஹொரைசன்ஸ் என்ற பிரிவு; எழுத்தாளர் கைக்காசு போட்டுப் புத்தகம் போட்டுக்கொள்ளலாம். சங்கம் தன் விதியைத் தானே மீறாமல், ஹார்லெக்வினையும் தகுதியில்லாப் பதிப்பகம் என்று அறிவித்தது. மர்மக்கதை எழுத்தாளர் சங்கமும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கமும் சேர்ந்து குரல் கொடுத்தன. ஹார்லெக்வின் அந்தப் பிரிவுக்கு அவசர அவசரமாக வேறு பெயர் வைத்துத் தன் பெயரை விலக்கிக்கொண்டது. சங்கம் என்ற அமைப்பு எதற்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தனி எழுத்தாளர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தால் ஹார்லெக்வின் பிரித்துக்கூடப் படித்திருக்காது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விவாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை, சந்தை ஜெயித்தது. 2010-இல் அமேசான், தானே பதிப்பிக்கும் எழுத்தாளருக்கு 70 விழுக்காடு தருவதாக அறிவித்தது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஒரு சின்னப் பதிப்பகம் மின்னூலாகப் போட்ட ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற காதல் நாவலை அடுத்த ஆண்டே பெரிய பதிப்பகம் ஒன்று வாங்கி உலகம் முழுக்க விற்றது. ‘அச்சில் வந்தவரா?’ என்ற கேள்வியே கேலிக்கூத்தானது. சங்கம் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. 2010-களின் நடுவுக்குள் மின்னூலும் சுயபதிப்பும் உள்ளே வந்தன. அளவுகோல் மாறியது: பதிப்பகத்தின் பெயர் என்ன என்பதற்குப் பதில், எழுத்தால் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பது.

மற்ற சங்கங்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2015-இல் சுயபதிப்பாளர்களைச் சேர்க்கத் தொடங்கியது. ஒரு நாவல் ஓராண்டில் 3,000 டாலர் ஈட்டியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2022-இல் அதையும் தளர்த்தி, வாழ்நாளில் எழுத்தால் மொத்தம் 1,000 டாலர் என்று வைத்தார்கள். ஆதர்ஸ் கில்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சங்கம் சுயபதிப்பாளருக்கு 18 மாதத்தில் 5,000 டாலர் என்று வைத்தது. பிரிட்டனில் 2012-இல் சுயபதிப்பாளர்களுக்கென்றே தனிக் கூட்டமைப்பு ஒன்று உருவானது. வருமானம் சிறந்த அளவுகோல் என்று நான் சொல்ல மாட்டேன். மெதுவாக விற்கிற நல்ல நாவல் அதில் தோற்கும். ஆனால் வாசகர் காசு கொடுத்தாரா என்று கேட்பது, காகிதமா திரையா என்று கேட்பதைவிட நாணயமான கேள்வி.

முடிவு இரு பக்கமும் கசப்பாகவே வந்தது. 2016 டிசம்பர் 28 அன்று ஆல் ரொமான்ஸ் என்ற மின்னூல் கடை, மூன்று நாளில் மூடப் போவதாக எழுத்தாளர்களுக்குச் சொன்னது. பாக்கியில் டாலருக்குப் பத்து சென்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. ராயல்டி வரவில்லை என்ற புகார்களோடு தள்ளாடிக்கொண்டிருந்த எல்லோராஸ் கேவ் அதே டிசம்பரில் மூடியது. 2017-இல் சம்ஹெயின் என்ற மின்பதிப்பகமும் போனது. சங்கம் பயந்த ஆபத்து நிஜம்தான் என்று ஆனது. ஆனால் அந்தப் பயத்தை வைத்து எழுத்தாளர்களை வெளியே நிறுத்திய பத்தாண்டில், இந்தப் பதிப்பகங்களின் ஒப்பந்தங்களை உட்கார்ந்து திருத்தியிருக்கலாம். பாதுகாப்பு மிக அதிகம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் கதவு கடைசியில் திறந்தது.

சங்கமும் தப்பவில்லை. 2019 இறுதியில், இனவாதத்தைச் சுட்டிக்காட்டிய கோர்ட்னி மிலன் என்ற எழுத்தாளர் மீது நடவடிக்கை எடுக்கப்போய், நிர்வாகிகளும் உறுப்பினர்களும் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். ரீட்டா விருது நின்றது. அதன் இடத்தில் விவியன் ஸ்டீபன்ஸ் பெயரில் வந்த விருதும் முதல் ஆண்டிலேயே சர்ச்சையில் சிக்கியது. 2024 மே மாதம் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனபோது உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 2,000.

தமிழிலும் இப்போது கிண்டிலில் சொந்தமாக நூல் போட முடிகிறது. குடும்ப நாவல், காதல் நாவல் எழுதும் பெண்கள்தான் அங்கே பெரும் படை. அவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், இந்த அமெரிக்கக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விருது ஆசையை அல்ல, ஒப்பந்தத்தை. அச்சு நூல் ஒப்பந்தங்களில் ‘பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும்’ என்று ஒரு வரி இருக்கும். மின்னூலுக்கு அது உதவாது. மின்னூல் தீர்வதே இல்லை, வருடத்துக்கு ஒரு பிரதி விற்றாலும் கடையில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே உங்கள் நாவலை வேறொருவர் மின்னூலாகப் போடக் கேட்டால், எந்தத் தேதியில் உரிமை திரும்பும் அல்லது ஆண்டு விற்பனை எத்தனைக்குக் கீழே போனால் திரும்பும் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.