ஜெர்மனியில் ரூம் தேடுறீங்களா? வாடகைக்கு முன்னாடி கிச்சனைப் பாருங்க!

ஜெர்மனிக்குப் படிக்கப் போய், வீட்டு முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் ஒரு கடிதம் வரும். முழுக்க ஜெர்மன் மொழி. மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லும். அது பொது ஒலிபரப்புக் கட்டணம். வீட்டில் டி.வி. இல்லை என்றாலும் கட்ட வேண்டும். புதுசாகப் போனவர் பயந்துபோய்க் கட்ட ஆரம்பிப்பார். அல்லது ஏதோ விளம்பரம் என்று குப்பையில் போடுவார். முதலாவதில் காசு வீண், இரண்டாவதில் அபராதம். ஏனென்றால் அந்தக் கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் வேலை முடிந்தது.

இதை யார் சொல்வார்கள்? என்ன தேட வேண்டும் என்று தெரிந்தால் கூகுள் சொல்லும். அதுவே தெரியாதபோது சொல்லப்போவது, கிச்சனில் காபி போட்டுக்கொண்டிருக்கும் ஹவுஸ்மேட்தான்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் சுமார் 49,000 இந்திய மாணவர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் நம்மவர்களுக்குத்தான் முதலிடம். கிளம்பும் முன் அட்மிஷன், விசா, பிளாக்டு அக்கவுன்ட் என்று எல்லாவற்றுக்கும் எக்செல் ஷீட் போடுகிறோம். ரூம் மட்டும் 'போய்ப் பார்த்துக்கலாம்' கணக்கில் கிடக்கிறது.

அந்த பிளாக்டு அக்கவுன்ட் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையின் சராசரி வாடகை 2025-ல் 500 யூரோவைத் தொட்டுவிட்டது. மியூனிக்கில் 800 பக்கம் போகிறது. ஹெல்த் இன்சூரன்ஸையும் கழித்தால் மியூனிக்காரர் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் எது மலிவோ அதில் போய் விழுகிறோம். தப்பு சொல்ல முடியாது. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு, 40 யூரோ கூடக் கொடுத்தாலும் உதவிக்கு ஆள் இருக்கும் வீடு லாபம் என்பதே என் கட்சி.

'வேகே' என்றால் என்ன?

'வோன்கெமைன்ஷாஃப்ட்' என்ற சொல்லின் சுருக்கம். ஆளுக்கோர் அறை, கிச்சனும் பாத்ரூமும் பொது. சென்னையில் பேச்சிலர்கள் சேர்ந்து வீடு எடுப்பது மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை, வீடு உங்களைத் தேர்ந்தெடுக்கும். ஏற்கெனவே இருப்பவர்கள் உங்களை நேரிலோ வீடியோ காலிலோ சந்தித்துப் பேசுவார்கள். இதற்கு 'காஸ்டிங்' என்றே பெயர்.

விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். 'ஸ்வெக்-வேகே' என்று இருந்தால் அது வாடகையைப் பகிர மட்டும் சேர்ந்தவர்களின் வீடு; அவரவர் கதவு மூடியே இருக்கும். 'கைனே ஸ்வெக்-வேகே' என்றால் நேர் எதிர். வாரம் ஒருநாளாவது சேர்ந்து சமைப்போம், பேசுவோம் என்கிறார்கள். முதல் முறை போகிறவருக்கு இதுதான் தேவை. சில விளம்பரங்களின் நடுவே 'பதில் எழுதும்போது இந்த வார்த்தையைச் சேர்க்கவும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். முழுசாகப் படித்தீர்களா என்று சோதிக்கத்தான். பத்து இடத்துக்கு ஒரே காப்பி பேஸ்ட் அனுப்புகிறவர்கள் அங்கேயே அவுட்.

'தமிழ்ப் பசங்க மட்டும் இருக்கிற வீடு கிடைச்சா?' தாராளமாகப் போங்கள். ஜெட்லாக்கோடு வந்து இறங்கும் நாளில் ஒரு தட்டு ரசம் சாதமும் ஆதரவுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு பேரும் அதே அக்டோபரில் வந்தவர்கள் என்றால், மேலே சொன்ன கடிதம் நான்கு பேருக்குமே புரியாது. எந்த ஊர்க்காரர் என்பதைவிட, இரண்டு வருஷமாக அங்கே இருப்பவர் ஒருவராவது அந்த வீட்டில் உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஹாஸ்டல் கிடையாதா?

உண்டு. ஜெர்மனி முழுவதும் 'ஸ்டுடியரெண்டன்வெர்க்' என்ற லாப நோக்கமற்ற மாணவர் சேவை அமைப்புகள் 57 இருக்கின்றன. இவற்றின் விடுதிகளில்தான் வாடகை பொதுவாகக் குறைவு. பல விடுதிகளில் 'டியூட்டர்' என்று ஒரு சீனியர் மாணவர் இருப்பார். பாடம் நடத்த இல்லை. புதியவர்களுக்கு எந்த அலுவலகத்துக்கு எப்போது போக வேண்டும், குப்பையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க. மனசு சரியில்லை என்றால் பேச, இதே அமைப்புகளில் கவுன்சிலிங்கும் இருக்கிறது.

சிக்கல், வெயிட்டிங் லிஸ்ட். மியூனிக் போன்ற ஊர்களில் அது செமஸ்டர் கணக்கில் நீளும்.

இந்த 'சேர்ந்து வாழ்' விடுதிக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. பெர்லினில் ஷ்லாக்டென்சே மாணவர் கிராமம், 1950-களின் கடைசியில் அமெரிக்கப் பணத்தில் கட்டப்பட்டது. நாஜி ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆன காலம். இளைஞர்கள் விவாதிக்கவும் விட்டுக்கொடுக்கவும் பழகினால்தான் ஜனநாயகம் வேர்பிடிக்கும் என்று நினைத்தார்கள். அதனால் அறைகளைச் சின்னதாக்கி, பொதுச் சமையலறைகளையும் கூடங்களையும் முக்கியமாக்கினார்கள். பின்னாளில் அதை இடிக்கும் பேச்சு வந்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்று 2003-ல் அதை எடுத்துக்கொண்டது. இன்றும் மாணவர்கள் குடியிருக்கிறார்கள்.

வாடகைக்குப் பதில் உதவி

கொலோன், ஃபிரைபுர்க், மியூனிக் உள்ளிட்ட ஊர்களில் 'உதவிக்கு வீடு' என்ற திட்டம் இருக்கிறது. தனியாக வாழும் முதியவரோ, குழந்தைகள் உள்ள குடும்பமோ ஓர் அறை தருவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி என்பது பொது விதி. 15 சதுர மீட்டர் அறை என்றால் மாதம் 15 மணி நேரம் கடைக்குப் போவது, தோட்ட வேலை, கம்ப்யூட்டர் சொல்லித்தருவது. நோயாளியைப் பராமரிக்கும் நர்ஸிங் வேலை இதில் சேராது. கரன்ட், தண்ணீர், ஹீட்டர் செலவு உங்களுடையது. ஜெர்மன் பேச வரும். ஆனால் ராத்திரி நண்பர்களைக் கூட்டி வந்து பார்ட்டி என்றால் நடக்காது. எல்லோருக்கும் செட் ஆகாது.

எங்கே ஏமாறுகிறோம்?

கதை பெரும்பாலும் ஒன்றுதான். அழகான போட்டோ, நம்ப முடியாத வாடகை. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், சாவியை கூரியரில் அனுப்புகிறேன்' என்பார் ஓனர். அனுப்பினால் பணம் போச்சு. வீட்டை நீங்களோ, தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காமல், கான்ட்ராக்ட் இல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய நமக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: அங்கே அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான். அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது.

இதைவிட அமைதியான ஆபத்து ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் 'ஆன்மெல்டுங் முடியாது' என்று போட்டிருக்கும். ஆன்மெல்டுங் என்றால் முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். பதிவு இல்லையென்றால் வரி எண் தபாலில் வராது, பார்ட் டைம் வேலை சிக்கலாகும், விசாவுக்குப் பிறகு வாங்க வேண்டிய தங்கும் அனுமதியும் இழுக்கும். 'அட்ரஸ் மட்டும் தர்றேன், காசு கொடு' என்று வருபவர்களிடம் போகவே போகாதீர்கள். குடியிருக்காதவருக்கு முகவரி கொடுப்பதற்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. அப்படியொரு வழக்கில் உங்கள் பெயரும் வரும்.

அக்டோபர் இன்டேக் என்றால், அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அது கிடைக்காவிட்டால் முதல் இரண்டு, மூன்று மாதத்துக்கு 'ஸ்விஷன்மீட்டே' தேடலாம். இன்டர்ன்ஷிப்புக்கு வெளியூர் போகும் மாணவர் தன் அறையைத் தற்காலிகமாக உள்வாடகைக்கு விடுவது அது. ஓனர் சம்மதம் இருக்கிறதா, ஆன்மெல்டுங் செய்ய முடியுமா, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் இருந்துகொண்டு காஸ்டிங்குக்கு நேரில் போவது, இங்கிருந்து வீடியோ காலில் பேசுவதைவிட ரொம்பவே ஈஸி.